எலும்புக்கு உயிர் வந்த கதை

முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் 'போன்ஸ்' என்றொரு மென்பொருள் புழக்கத்தில் இருந்தது. எலும்புகள் என்று அர்த்தம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு மென்பொருளிலிருந்து உயிரான பகுதிகளை எல்லாம் நீக்கிவிட்டு, மிச்சத்தை வெளிநாட்டவருக்குக் கொடுப்பதற்காகத் தயாரித்தது அது. வரிவரியாகக் கையால் நீக்கிக்கொண்டிருக்க முடியுமா? அதற்கென்றே தனியாக ஒரு நிரல் எழுதினார்கள். அந்த நிரலுக்குப் பெயர் 'பிரானா'. கூட்டமாக வந்து சதையைத் தின்று தீர்ப்பதாகச் சொல்லப்படும் தென்னமெரிக்க மீனின் பெயர். முழு மென்பொருளைப் பிரானாவிடம் கொடுத்தால், சதையைத் தின்றுவிட்டு எலும்பைத் துப்பும்.

தின்றுபோனது எந்தச் சதை? 'நீ யார்?' என்று கேட்டு, வரும் பதிலைச் சரிபார்க்கும் பகுதி. ஆக, போன்ஸ் வெளியிலிருந்து பார்க்கக் காவல்காரன் மாதிரியே இருக்கும். சீருடை இருக்கும், தொப்பி இருக்கும். யார் வந்தாலும் கதவைத் திறந்துவிடும். அவ்வளவுதான்.

மயிலாப்பூரில் குடத்துக்குள் இருந்த எலும்பைத் திருஞானசம்பந்தர் பெண்ணாக எழுப்பினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. இந்த எலும்பையும் சிலர் எழுப்பினார்கள். அவர்கள் ஆஸ்திரேலியாவிலும் சுவீடனிலும் இருந்தார்கள். இன்று ஓர் அலுவலகத்தில் காலையில் கணினிக்குள் நுழையும்போது திரைக்குப் பின்னால் நடப்பதில் அவர்கள் வேலைக்கும் பங்கு உண்டு. திறந்த மூல மென்பொருளுக்குள் ஓர் அடையாளச் சரிபார்ப்பு முறை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. கேட்பதற்குத் தொழில்நுட்ப விவகாரம் போலத் தெரியும். உண்மையில் இது, பூட்டை யார் வைத்துக்கொள்ளலாம் என்ற பழைய வழக்கு.

பொது அறையில் ஒரு கணினி

1983இல் எம்ஐடி, டிஇசி, ஐபிஎம் ஆகிய இரு நிறுவனங்களோடு சேர்ந்து 'அதீனா திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கியது. வளாகம் முழுவதும் கணினிகள். எந்த மாணவரும் எதன் முன்னால் உட்கார்ந்தாலும் தன்னுடைய கோப்புகளையும் அஞ்சலையும் பெற வேண்டும். இன்றைக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அன்றைக்கு இது பெரிய தலைவலி.

அதுவரை யூனிக்ஸ் கணினிகள் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்தவை. "என்கிட்ட இருக்கிற முத்து வர்றார், உள்ளே விடு" என்று ஒரு கணினி சொன்னால், இன்னொன்று கடவுச்சொல் கேட்காமலே கதவைத் திறக்கும்படி அமைத்துவைக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா அனுப்பிய பிள்ளை என்றால் கேள்வி கேட்காமல் சீனி கொடுத்தனுப்புவோமே, அது மாதிரி. கணினிகள் பூட்டிய அறையில், பொறுப்பான ஒருவர் கையில் இருந்தவரை இது செல்லுபடியானது. பொது அறையில் வைத்த கணினியை யார் வேண்டுமானாலும் கைப்பற்றி, அதை எது வேண்டுமானாலும் சொல்லவைக்கலாம். 1988 நவம்பர் 2ஆம் தேதி இணையத்தில் பரவிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் இந்த அக்கம்பக்க நம்பிக்கையும் ஒன்று.

சரி, ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டால் தீர்ந்ததா? தீராது. அன்றைய வலைப்பின்னலில் கடவுச்சொல் அப்படியே கம்பியில் ஓடும். அதே கம்பியில் இணைந்த எந்தக் கணினியும் ஒட்டுக்கேட்கலாம்.

எம்ஐடியில் ஸ்டீவ் மில்லரும் கிளிஃபர்ட் நியூமனும் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ரோஜர் நீதமும் மைக்கேல் ஷ்ரோடரும் 1978இல் வெளியிட்ட ஒரு யோசனைதான் அதற்கு அடிப்படை. அதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ பெரிய அலுவலகக் கட்டடத்துக்குப் போகிறீர்கள். கீழே ஜாகாவிடம் ஐசியைக் காட்டினால் ஒரு பாஸ் தருவார். அப்புறம் எந்த மாடிக்குப் போனாலும் ஐசியை நீட்ட வேண்டாம், பாஸ் போதும். சாயங்காலத்துக்குப் பிறகு அந்தப் பாஸ் செல்லாது. மில்லரும் நியூமனும் செய்தது இதைவிட ஒரு படி மேலே. அவர்களுடைய ஜாகா உங்கள் ஐசியைக் கேட்பதே இல்லை. "முத்துவா? இந்தாங்க" என்று ஒரு பெட்டியைக் கொடுத்துவிடுகிறார். பெட்டி முத்துவின் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டது. நீங்கள் முத்து என்றால் திறந்து பயன்படுத்துவீர்கள். இல்லையென்றால் பூட்டிய பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடவுச்சொல் கம்பியில் போகவே இல்லை. வந்தவர் யார் என்பதும் தெரிந்துவிட்டது.

பழைய பாஸை யாராவது நகலெடுத்து நீட்டினால்? அதற்காக நேரமும் எழுதப்படுகிறது. இரண்டு கணினிகளின் கடிகாரங்களுக்கு இடையே வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கதவு திறக்காது. அலுவலகங்களில் "எல்லாம் சரியா இருக்கு, ஆனா லாகின் ஆகலை" என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் கணினிப் பிரிவுக்காரர்கள் பலர், கடைசியில் கண்டுபிடிப்பது தப்பாக ஓடும் கடிகாரத்தைத்தான்.

கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயரை இதற்கு வைத்தார்கள்: கெர்பரோஸ். இலக்கிய வாசகர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. இந்த வடிவமைப்பை விளக்க 1988இல் பில் பிரையண்ட் எழுதியது ஒரு நாடகம். நான்கு காட்சிகள், இரண்டு பாத்திரங்கள். அதீனா ஒவ்வொரு காட்சியிலும் ஒரு புதுப் பூட்டோடு வருவாள். யூரிப்பிடீஸ் அதில் ஓட்டை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவான். பாதுகாப்பு என்பது எதிரில் ஒருவன் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே இருந்தால்தான் உருவாகும் என்பதை அந்த நாடகம் போல எந்தக் கையேடும் சொன்னதில்லை.

கெர்பரோசின் முதல் 3 பதிப்புகள் எம்ஐடிக்குள்ளேயே இருந்தன. நான்காம் பதிப்பு 1989 ஜனவரியில் மூலநிரலோடு பொதுவில் வெளியானது. ஆனால் அந்தப் 'பொது'வுக்கு ஓர் எல்லை இருந்தது.

அச்சில் போகலாம், வட்டில் போகக்கூடாது

பெட்டியைப் பூட்டும் வேலையைக் கெர்பரோஸ் 'டெஸ்' என்ற குறியாக்க முறையைக் கொண்டு செய்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறியாக்க மென்பொருள் ஓர் ஆயுதம். பீரங்கியும் ஏவுகணையும் இருக்கும் அதே பட்டியலில்தான் அதற்கும் இடம். அமெரிக்காவையும் கனடாவையும் தாண்டி அனுப்ப உரிமம் வேண்டும். ஆளை அடையாளம் காண மட்டுமே பயன்படும் குறியாக்கத்துக்குச் சலுகை உண்டுதான். ஆனால் கெர்பரோசுக்குள் இருந்த டெஸ் எந்தச் செய்தியையும் மறைக்கக்கூடியது. சலுகை பொருந்தவில்லை.

வேடிக்கை என்னவென்றால் டெஸ் ரகசியமே இல்லை. 1977இல் அமெரிக்க அரசே அதைத் தரநிலையாக அச்சிட்டு வெளியிட்டது. உலகில் யாரும் வாங்கிப் படிக்கலாம். படித்ததை நிரலாக எழுதி வட்டில் போட்டால் மட்டும் அது ஆயுதம். இந்த முரண்பாட்டை ஃபில் கார்ன் என்ற பொறியாளர் 1994இல் சோதித்துப் பார்த்தார். புரூஸ் ஷ்னையர் எழுதிய குறியாக்க நூல் ஒன்றின் பின்னிணைப்பில் நிரல்கள் அச்சாகியிருந்தன. புத்தகத்தை ஏற்றுமதி செய்யலாமா என்று கேட்டார். தாராளமாக என்றது அரசு. அதே நிரல்களை வட்டில் அனுப்பலாமா என்று கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள் அமெரிக்காவில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ!

இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் எம்ஐடி பிரானாவை ஏவியது. குறியாக்க நிரலை நீக்கியதோடு விடவில்லை. அதை அழைக்கும் வரிகளையும் நீக்கியது. பூட்டை எடுத்துவிட்டுப் பூட்டுக்கான துளையை விட்டுவைத்தாலும் சட்டம் கேள்வி கேட்கும். ஆகவே துளையும் இல்லாத கதவு. நம்மைப் போன்ற நாடுகளுக்குச் சட்டச் சிக்கலில்லாமல் வரக்கூடியது அந்த எலும்புதான். மலேசியாவோ சிங்கப்பூரோ பிரான்சோ ஜப்பானோ, பகைநாடா நட்புநாடா என்பதெல்லாம் பேச்சில்லை. எல்லைக்கு வெளியே என்றால் வெளியேதான்.

ஸ்டாக்ஹோம் வழி

ஆஸ்திரேலியரான எரிக் யங், பொதுவில் இருந்த தரநிலையைப் பார்த்து டெசைத் தாமே புதிதாக நிரலாக்கினார். அமெரிக்காவில் எழுதிய ஒரு வரியும் அதில் கிடையாது. எனவே அமெரிக்கச் சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரானா தின்ற இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, எலும்பில் அந்தச் சதையைப் பொருத்தும் வேலையும் ஆஸ்திரேலியாவில் நடந்தது. அப்படி உருவானது 'ஈபோன்ஸ்'.

ஸ்டாக்ஹோமில் உள்ள அரசு தொழில்நுட்பக் கழகத்துக்காரர்கள் அதை எடுத்து வளர்த்து, உலகுக்கு வழங்கினார்கள். பிஎஸ்டி வகை இயங்குதளங்கள் அதைச் சேர்த்துக்கொண்டன. இந்த வேலையில் ஒரு விசித்திரமான தீண்டாமை இருந்தது. அமெரிக்க நிரலர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினால்கூட வாங்கத் தயங்குவார்கள். அவர் கைபட்டால் அது அமெரிக்க ஏற்றுமதி ஆகிவிடும். ஓப்பன்பிஎஸ்டி திட்டம் கனடாவின் கால்கரியில் இருந்ததால் குறியாக்கத்தைத் தைரியமாக உள்ளே வைத்தது. அந்தப் பகுதிக்கு அமெரிக்காவில் எழுதிய நிரலைத் தவிர்த்தது. உலகின் மிகப் பெரிய கணினி நாடு தன் சொந்தச் சட்டத்தால் தன்னையே ஊர்விலக்கு செய்துகொண்டது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

1993இல் கெர்பரோசின் ஐந்தாம் பதிப்பு இணையத் தரநிலையானது. இந்த முறை சுவீடன்காரர்கள் எலும்புக்குக் காத்திருக்கவில்லை. யோஹன் டேனியல்சனும் அசார் வெஸ்டர்லுண்டும் தரநிலையைப் படித்து முழுவதையும் தாங்களே எழுதினார்கள். அவர்களும் புராணத்தில்தான் பெயர் தேடினார்கள், ஆனால் தங்கள் புராணத்தில். தேவர்களின் உலகுக்குப் போகும் வானவில் பாலத்தைக் காக்கும் நோர்ஸ் காவலனின் பெயர் அது: ஹைம்டால். எரிக் யங்கோ, டிம் ஹட்சனோடு சேர்ந்து 1995இல் 'எஸ்எஸ்எல்ஈ' என்ற நூலகத்தைத் தொடங்கினார். 1998 இறுதியில் அதிலிருந்து கிளைத்ததுதான் இணையத்தின் பெரும்பகுதி இன்று நம்பியிருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்.

2000 ஜனவரியில் அமெரிக்கா விதிகளைத் தளர்த்தியது. அதற்குள் காப்பாற்றுவதற்கு என்ன மிஞ்சியிருந்தது? 1998இலேயே மின்னணு எல்லை அறக்கட்டளை 2,50,000 டாலருக்கும் குறைவான செலவில் ஓர் இயந்திரம் கட்டி, டெசை 56 மணி நேரத்தில் உடைத்துக் காட்டிவிட்டது. 1996இல் பெர்டியூ பல்கலைக்கழகத்தினர் இன்னொன்றையும் கண்டிருந்தார்கள். நான்காம் பதிப்பு தற்செயலாகத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்ன சாவிகள் உண்மையில் தற்செயலானவை அல்ல, நொடிகளில் ஊகித்துவிடலாம். ஆயுதப் பட்டியலில் வைத்துக் காத்த பூட்டின் சாவி மிதியடிக்குக் கீழேயே இருந்திருக்கிறது. கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், மூலநிரல் படிக்கக் கிடைத்ததுதான்.

காலியாக விட்ட பெட்டி

அரசு விலகிய அதே மாதங்களில் இன்னொருவர் வந்தார். 2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000, கெர்பரோசைத் தன் முதன்மை அடையாள முறையாக ஏற்றுக்கொண்டது. திறந்த தரநிலைக்கு இதைவிடப் பெரிய வெற்றி உண்டா என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி நீடிக்கவில்லை.

தரநிலையில், டிக்கெட்டுக்குள் ஒரு பெட்டி காலியாக விடப்பட்டிருந்தது. வந்தவருக்கு என்னென்ன அனுமதி என்பதை அவரவர் தேவைப்படி எழுதிக்கொள்ள. மைக்ரோசாஃப்ட் அந்தப் பெட்டியில் தன் சொந்த வடிவத்தில் எழுதியது. என்ன எழுதுகிறது என்பதைச் சொல்லவில்லை. விளைவு எளிது. மற்ற கெர்பரோஸ் சர்வர் ஒரு டிக்கெட் கொடுத்தால், விண்டோஸ் உலகில் அதை வைத்துக்கொண்டு முழுதாக எதுவும் செய்ய முடியாது. எதிர்ப்பு கிளம்பியதும் விவரத்தை வெளியிட்டார்கள். எப்படி? 'இது வணிக ரகசியம், ஒப்புக்கொள்கிறேன்' என்று சொடுக்கினால்தான் படிக்கலாம். படித்தவர் அதை வைத்து நிரல் எழுத முடியாது. ஸ்லாஷ்டாட் தளத்தில் சிலர் அதைப் பதிவிட, 2000 மே மாதம் அவற்றை நீக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட் கடிதம் அனுப்பியது. மறுபடியும் அதே கதை. புத்தகமாகப் படிக்கலாம், நிரலாக எழுதக்கூடாது.

இந்த முறையும் ஆஸ்திரேலியாதான் வந்தது. கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜல் தொடங்கிய 'சாம்பா' என்ற திறந்த மூல மென்பொருள், விண்டோஸ் கணினிகளோடு கோப்பு பகிர்வதற்கானது. ஆவணம் இல்லாமல் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டவர்களுக்கு டிரிட்ஜல் ஓர் உவமை சொன்னார். பிரெஞ்சு உணவகம் ஒன்றில் மூலையில் உட்கார்ந்து, யார் என்ன சொல்கிறார்கள், அதற்கு என்ன வருகிறது என்று பார்த்தே அந்த மொழியைக் கற்றுக்கொள்வதைப் போல என்றார். நம் ஊர்க் கோப்பிக் கடையில் உட்கார்ந்தே ஹொக்கியன் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் காதால் கேட்டுப் பழகும் மொழிக்கு ஓர் எல்லை உண்டு. 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 497 மில்லியன் யூரோ அபராதம் விதித்து, விவரங்களைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்க உத்தரவிட்டது. 2007இல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த டிசம்பரில், ஒரே முறை 10,000 யூரோ செலுத்தி, சாம்பா குழுவுக்காக ஓர் அறக்கட்டளை அந்த ஆவணங்களைப் பெற்றது. 2012 டிசம்பரில் வெளியான சாம்பா 4.0, விண்டோஸ் கணினிகளுக்குத் தானே ஜாகாவாக நின்று டிக்கெட் கொடுத்தது. அதன் வயிற்றுக்குள் இருந்தது சுவீடன் காவலனான ஹைம்டால். ஒரு சின்னப் பள்ளிக்கூடமோ தொண்டு நிறுவனமோ உரிமக் கட்டணம் இல்லாமல் தன் கணினிகளை நிர்வகிக்க முடிகிறது என்றால் இந்தப் பன்னிரண்டு வருட வழக்காடலின் பலன் அது.

உறங்கிய நாய்

இங்கே கதையை முடித்தால் வீரக்கதையாகிவிடும். ஆனால் ஓர் அடையாள முறையைச் சேர்ப்பது என்பது கதவில் பூட்டு வைப்பது மட்டுமல்ல, சுவரில் இன்னொரு கதவு வைப்பதும்தான்.

ஓப்பன்பிஎஸ்டி குழுவினரின் ஓப்பன்எஸ்எஸ்எச், 2003இல் வந்த 3.7 பதிப்பில், கெர்பரோசைப் பழைய முறையில் அழைப்பதை விட்டுவிட்டுப் பொதுவான இடைமுகம் வழியாக ஏற்றது. பயனர் யார் என்பதை அதன் மூலம் சரிபார்க்கலாம். சர்வர் யார் என்பதையும் அதே வழியில் சரிபார்க்கும் இன்னொரு பகுதி 2006இல் தரநிலையாகவும் வந்துவிட்டது. ஓப்பன்எஸ்எஸ்எச் அதைச் சேர்க்கவே இல்லை. டெபியன், ரெட் ஹாட் போன்றவர்கள் அதை ஒட்டுத்துணியாகத் தங்கள் பதிப்பில் வருடம் தவறாமல் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2014இல் ஓப்பன்பிஎஸ்டி இன்னும் ஒரு படி போய், கெர்பரோசையே தன் இயங்குதளத்திலிருந்து எடுத்துவிட்டது. சட்டத்தோடு மல்லுக்கட்டி உள்ளே வைத்த ஒன்றைத் தானே வெளியே வைத்தது. நன்றிகெட்டதனம் என்று நினைக்கத் தோன்றும்.

மூன்று வருடம் கழித்துப் பதில் கிடைத்தது. 2017 ஜூலையில், ஹைம்டாலில் ஏறத்தாழ 20 ஆண்டுகளாக இருந்த ஓட்டை ஒன்று வெளியே வந்தது. சர்வர் அனுப்பும் பதிலில் சில விவரங்கள் பூட்டிய பகுதிக்குள்ளும் இருக்கும், பூட்டாத பகுதியிலும் இருக்கும். பூட்டியதைத்தான் நம்ப வேண்டும். ஹைம்டால் பூட்டாததைப் படித்தது. நடுவில் இருப்பவன் அதை மாற்றிவிட்டால் போலி சர்வரை உண்மை என்று நம்பிவிடும். மைக்ரோசாஃப்டும் தனியாக எழுதிய தன் நிரலில் அதே தவற்றைச் செய்திருந்தது. எம்ஐடியின் நிரல் தப்பித்தது. கண்டுபிடித்தவர்கள் அதற்கு 'ஆர்ஃபியசின் யாழ்' என்று பெயரிட்டார்கள். கிரேக்கக் கதையில் கெர்பரோசை யாழிசையால் உறங்கவைத்தவன் ஆர்ஃபியஸ்.

மூலநிரல் திறந்துதான் இருந்தது. இருபது வருடம் யாரும் அந்த வரியில் நிற்கவில்லை. 1996இல் சாவியின் பலவீனத்தைக் கண்டுபிடிக்க உதவிய அதே திறந்த தன்மை இங்கே உதவவில்லை. திறந்திருப்பது வேறு, வாசிக்கப்படுவது வேறு. எழுத்தோடு புழங்குகிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அச்சாகி, நூலகத்தில் அடுக்கப்பட்டு, யாரும் பிரிக்காத புத்தகங்கள் நம்மிடமும் நிறைய உண்டு.

அரசு குறியாக்கத்தைப் பறித்தது. வெளியே இருந்தவர்கள் புதிதாக எழுதினார்கள். நிறுவனம் ஒரு பெட்டியின் மொழியை மறைத்தது. காது கொடுத்தும் நீதிமன்றம் ஏறியும் அதைக் கற்றார்கள். இந்த இரண்டு தடைகளும் ஆளைச் சுறுசுறுப்பாக்கின. வெளியிலிருந்து தடுக்கும்போது யூரிப்பிடீஸ் தானாகவே வந்துவிடுகிறான். தடை எல்லாம் விலகி, எல்லார் கணினியிலும் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் அவன் நாற்காலி காலியாகிறது. பிரானாவால் தின்ன முடிந்தது நிரலை மட்டும்தான். குறை சொல்கிறவன் எழுந்து போய்விட்டால், சீருடையும் தொப்பியுமாக நிற்கும் காவலன் மறுபடியும் எலும்புதான்.